அப்பாவுக்கு இன்ஹேலர் கேட்கவில்லை: மருந்தை மாற்ற வேண்டுமா, எடுக்கும் முறையை மாற்ற வேண்டுமா?

கேள்வி: திருச்சியிலிருந்து ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 68. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாவு மில்லில் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கமும் இருந்தது. அதை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு அவருக்குச் சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாகச் சொல்லி, மருத்துவர் இரண்டு மருந்துகளை எழுதிக் கொடுத்தார். ஒன்று, மூச்சுத் திணறும்போது மட்டும் அடித்துக்கொள்ள வேண்டிய நீல நிறச் சால்பியூட்டமால் இன்ஹேலர். மற்றொன்று, காலையிலும் இரவிலும் தவறாமல் ரோட்டாஹேலர் என்னும் கருவியில் போட்டுத் தூளாக உறிஞ்ச வேண்டிய, ஃபார்மோட்டெராலும் புடசொனைடும் கலந்த கேப்சூல்.

கேப்சூலால் எந்தப் பயனும் இல்லை என்று அப்பா அதைப் பாதி நாள் எடுப்பதே இல்லை. நீல இன்ஹேலரை மட்டும் ஒரு நாளைக்கு ஆறேழு முறை அடித்துக்கொள்கிறார். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். இன்ஹேலரை அழுத்தியதும் சாம்பிராணிப் புகை போல மருந்து அவர் வாயோரமாக வெளியே வந்தது. இரவில் அவர் எடுத்து முடித்த ரோட்டாஹேலரைப் பிரித்துப் பார்த்தேன். கேப்சூலின் ஒரு பாதியில் வெள்ளைத் தூள் அப்படியே ஒட்டிக் கிடந்தது.

என் அத்தையோ, “இன்ஹேலர் பிடிக்க ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, மாத்திரையே போதும்” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மருத்துவரிடம் மருந்தை மாற்றித் தரக் கேட்க வேண்டுமா, அல்லது அப்பா எடுக்கும் முறையில் தவறா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: மருந்தாளுநர், மதுரை

அம்மா, ரோட்டாஹேலரைப் பிரித்துப் பார்த்தீர்களே, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. தூள் கேப்சூலில் தங்கிவிட்டால் அது நுரையீரலுக்குப் போகவில்லை என்றுதான் பொருள். போகாத மருந்து நல்லதா கெட்டதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால், அப்பா எடுக்கும் முறையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் அப்பாவிடம் இருக்கும் இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான மூச்சைக் கேட்பவை. இதை யாரும் அவருக்கு நிதானமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீல இன்ஹேலரில் அழுத்தத்தில் அடைபட்ட வாயு மருந்தை வேகமாக வெளியே தள்ளுகிறது. அந்த வேகத்தில் அது தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே படிந்துவிடாமல் இருக்க, மூச்சை மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ரோட்டாஹேலரில் தள்ளிவிட வாயு எதுவும் கிடையாது. தூளைக் கிளப்பி உள்ளே கொண்டுபோவது நோயாளியின் மூச்சு மட்டுமே. அதனால் அங்கே முதல் நொடியிலிருந்தே வேகமாகவும் பலமாகவும் உறிஞ்ச வேண்டும். பலர் இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பதால் இரண்டிலுமே மருந்தை இழக்கிறார்கள்.

நீல இன்ஹேலரை எடுக்கும்போது மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளிருக்கும் மூச்சை முழுவதும் வெளியே விடச் சொல்லுங்கள். பிறகு வாய்ப்பகுதியைப் பற்களுக்கிடையே வைத்து உதடுகளால் இறுக மூடி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும் அந்தத் தருணத்தில் ஒரே ஒரு முறை அழுத்தி, இழுப்பதை நிறுத்தாமல் மூன்று முதல் ஐந்து நொடி வரை தொடர வேண்டும். அடுத்து பத்து நொடி, முடிந்தவரை, மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். இரண்டாவது பஃப் (ஒரு முறை அழுத்தினால் வரும் மருந்து) தேவையென்றால் அரை நிமிடமாவது கழித்து மீண்டும் குலுக்கி எடுக்கலாம். நீங்கள் பார்த்த சாம்பிராணிப் புகை, அவர் முதலில் அழுத்திவிட்டுப் பிறகு இழுக்கிறார் என்பதையோ, உதடுகள் சரியாக மூடவில்லை என்பதையோ காட்டுகிறது. குளிர்ந்த மருந்து தொண்டையில் பட்டதும் அதிர்ந்து மூச்சை நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

ரோட்டாஹேலரில் கேப்சூலின் நிறமற்ற முனை முதலில் போகும்படி சதுரத் துளையில் வைத்து, துளையின் விளிம்புக்குச் சமமாக அழுத்தி, அடிப்பாகத்தை முழுவதுமாகத் திருக வேண்டும். அரைகுறையாகத் திருகினால் கேப்சூல் சரியாகப் பிரியாது. இங்கே இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கடைக்கு வருபவர்களில் சிலர் இதை “ஊதுகிற மருந்து” என்றே கேட்பார்கள், அந்தச் சொல்லை நம்பி உண்மையிலேயே கருவிக்குள் ஊதியும் விடுவார்கள். வாயின் ஈரம் பட்டால் தூள் கட்டியாகிவிடும். மூச்சை வெளியே விடும்போது கருவியை வாயிலிருந்து தள்ளி வைத்திருக்க வேண்டும். உறிஞ்சி முடித்த பிறகு பிரித்துப் பார்த்துத் தூள் மீதமிருந்தால், மறுபடியும் திருகாமல் அப்படியே இன்னொரு முறை உறிஞ்ச வேண்டும்.

உங்கள் அப்பா மட்டும் தவறு செய்கிறார் என்று எண்ணி அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். 1975 முதல் 2014 வரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து ‘செஸ்ட்’ மருத்துவ இதழ் 2016-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, இன்ஹேலரைச் சரியான முறையில் எடுத்தவர்கள் 31 விழுக்காட்டினர்தாம், அந்த நாற்பது ஆண்டுகளில் நிலைமை மேம்படவும் இல்லை. ஒரு நிமிடத்தில் செய்து காட்டி அனுப்பிவிடும் எங்களைப் போன்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மறுமொழி 2: ஆஸ்துமாவோடு வாழும் ஓர் ஆசிரியை, கோவை

உங்கள் அத்தை சொன்னதை என்னிடமும் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி இரண்டு ஆண்டுகள் மாத்திரையிலேயே ஓட்டினேன். கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவி விழும். பிறகுதான் ஒரு மருத்துவர் பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கிறது என்றால், இன்ஹேலரின் ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம். இரண்டு பஃப் எடுத்தாலும் மாத்திரையில் இருபதில் ஒரு பங்குதான். மாத்திரை உடம்பு முழுவதும் சுற்றி நுரையீரலுக்கு வருகிறது, இன்ஹேலர் நேராக அங்கேயே போகிறது. இன்ஹேலரை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டியிருந்தால் அது நோய் நீடிப்பதால்தானே தவிர, மருந்துக்கு அடிமையாவதால் அன்று. சர்க்கரை நோயாளி தினமும் மருந்து எடுப்பதை யாரும் “பழக்கம்” என்று சொல்வதில்லையே!

அப்பா நீல இன்ஹேலரையே நம்புவதன் காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அது சில நிமிடங்களிலேயே நெஞ்சைத் திறந்துவிடுகிறது, நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்குகிறது. கேப்சூலில் இருக்கும் புடசொனைடோ மூச்சுக்குழாயின் வீக்கத்தை நாள் கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்பது. எடுத்த உடனே அதன் வேலை தெரியாது. என்னைப் போன்ற ஆஸ்துமா நோயாளிகள் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலகளாவிய வழிகாட்டு அமைப்பான ஜினா 2019-லேயே அறிவித்துவிட்டது. உங்கள் அப்பாவின் நோய் வேறு என்றாலும், ஒரு நாளில் ஆறேழு முறை நீல இன்ஹேலர் தேவைப்படுவதை அவருடைய மருத்துவருக்கு உடனே தெரியப்படுத்த வேண்டும்.

கேப்சூல் எடுத்த பிறகு ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்து, தொண்டை வரை கழுவித் துப்பச் சொல்லுங்கள். நான் சோம்பலில் அதை விட்டபோது நாக்கில் வெண்படலம் படர்ந்து, குரலும் கம்மிப்போய், ஒரு வாரம் வகுப்பில் பாடமே நடத்த முடியவில்லை.

மறுமொழி 3: நெஞ்சக நோய்ப் பிரிவுச் செவிலியர்

முன்னவர்கள் சொல்லாத சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய அப்பாவால் முடியாவிட்டால், நீல இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்னும் குழாயை வாங்கிக் கொடுங்கள். மருந்து அந்தக் குழாயில் தங்கி நிற்பதால், அழுத்திய பிறகு நிதானமாக ஐந்தாறு மூச்சாகவும் இழுத்துக்கொள்ளலாம். அதைச் சோப்பு நீரில் கழுவினால் துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விரல்களில் பலம் இல்லாதவர்கள் இரண்டு கைகளாலும் அழுத்தலாம்.

கேப்சூல்களைத் தினசரி மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். உறிஞ்ச வேண்டியதைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வருபவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் போனாலோ, உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்தாலோ, நீல இன்ஹேலர் எடுத்தும் திணறல் குறையாவிட்டாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி கேட்டவர், ஆறு நாட்களுக்குப் பிறகு

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் முன்னாலேயே இரண்டு கருவிகளையும் எடுத்துக் காட்டச் சொன்னேன். அப்பா ரோட்டாஹேலரைப் பாதிதான் திருகுகிறார் என்பதும், மூச்சை முழுவதும் வெளியே விடாமலே உறிஞ்சத் தொடங்குகிறார் என்பதும் அப்போது தெரிந்தது. மருந்து எதையும் மருத்துவர் மாற்றவில்லை. ஸ்பேசர் ஒன்றை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

இப்போது காலையும் இரவும் அப்பா உறிஞ்சி முடித்ததும் ரோட்டாஹேலரைப் பிரித்து, வெறும் கேப்சூலை என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டுகிறார். நேற்று நீல இன்ஹேலரை மூன்று முறைதான் எடுத்தார். நாட்காட்டியில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டு வருகிறோம். அடுத்த முறை போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்வேன்.