புதுப்பிப்பு: எர்த்சீ, மூன்றாவதுக்குப் பிறகு

இப்போது உர்சுலா லெ குவினின் எர்த்சீ வரிசை (எர்த்சீ என்ற கற்பனைத் தீவுலகில் நடக்கும் மாயாஜால நாவல்கள்) படிப்பதாகச் சொல்லியிருந்தேன். “முதல் மூன்றோடு நிறுத்தலாமா?” என்று கேட்ட பெரம்பூர், திருவொற்றியூர் நண்பர்களுக்காக இது.

நிறுத்தாதீர்கள். 1968 முதல் 1972 வரை வந்த மூன்று நாவல்களில் கதை முடிந்த மாதிரிதான் இருக்கும். 1990இல் வந்த ‘டெஹானு’ அதே உலகத்தை அடுப்படியிலிருந்து பார்க்கிறது: நடுவயது விதவை டெனார், தீயில் வெந்த ஒரு சிறுமி. வேகம் குறைவு. மூன்றாவதை மூடிய கையோடு எடுத்தால் ஏமாற்றமாக இருக்கும், நடுவில் வேறு ஏதாவது படியுங்கள். எனக்கு வரிசையிலேயே இதுதான் உசத்தி. டெனாரின் இளமை இரண்டாவது நாவலில் இருக்கிறது. அதைப் படிக்காமல் விட்டால் ‘டெஹானு’ பாதிதான் புரியும்.

பலரும் சறுக்குவது 2001இல். ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ’ சிறுகதைத் தொகுப்புதானே என்று விட்டுவிடுகிறார்கள். அதன் ஐந்தாவது கதை ‘டிராகன்ஃப்ளை’தான் கடைசி நாவலுக்குப் பாலம். அதைப் படிக்காமல் ‘தி அதர் விண்ட்’ போனால், அதில் வரும் இரியன் யாரென்றே பிடிபடாது.

விம்கோ நகர் மெட்ரோவில் போனில் படிப்பவர்கள் வரைபடப் பக்கத்தை முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தீவுப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.