நிறை, வேகம் இரண்டையும் பொதுப் பட்டியலில் தவிர்ப்போம்

இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவாக ஒரு பௌதிகச் சொற்பட்டியல் செய்யும்போது, தமிழ்நாட்டில் நிறை என்றுதானே சொல்கிறார்கள், திணிவை விட்டுவிட்டு அதையே போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எங்கள் இலங்கைப் பாடப்புத்தகத்தில் திணிவு வேறு, நிறை வேறு. ஒரு பொருளில் எவ்வளவு சடம் இருக்கிறது என்பது திணிவு, அது கிலோகிராமில் வரும். அந்தப் பொருளைப் புவி இழுக்கிற விசை நிறை, அது நியூற்றனில் வரும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் முதலாவதற்குப் பெயர் நிறை, இரண்டாவதற்குப் பெயர் எடை. ஆக ஒரே சொல் கடலுக்கு அந்தப் பக்கம் கிலோகிராம், இந்தப் பக்கம் நியூற்றன்.

களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ தரம் 10 படிக்கிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ரியூசன் முடிந்து வந்து போனில் தமிழ்நாட்டுப் பாட வீடியோ பார்க்கிறது. "பொருளின் நிறை 5 கிலோகிராம்" என்று அதில் கேட்ட பிள்ளை, வகுப்பில் "5 கிலோகிராம் திணிவுடைய பொருளின் நிறை யாது" என்ற கேள்விக்கு 5 என்றே எழுதிவிட்டு வரும். புவியீர்ப்புக்காக 10 ஆல் பெருக்கி 50 நியூற்றன் என்று எழுத வேண்டிய இடம் அது. பிள்ளைக்குப் பௌதிகம் விளங்காமல் இல்லை, சொல்தான் காலை வாரிவிட்டது. மேல் வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். ஒளித்துகளைப் பற்றி "போட்டோன் நிறையற்றது" என்று அங்கே எழுதினால் அதற்குத் திணிவே இல்லை என்று பொருள், இங்கே வாசிக்கிறவன் விண்வெளி வீரர்கள் மிதக்கிற கதை என்று நினைப்பான்.

அதனால் என் முன்மொழிவு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் செய்கிற பட்டியலில் நிறை என்ற சொல்லே வேண்டாம். முதலாவதற்குத் திணிவு, இரண்டாவதற்கு எடை. ஒன்று எங்கள் சொல், மற்றது அவர்கள் சொல், இரண்டுக்கும் எந்தக் கரையிலும் எதிர்ப்பொருள் கிடையாது.

சந்தையில் நாங்கள் "மீனை நிறுத்துத் தாங்க" என்றுதான் கேட்கிறோம், நிறு என்பதிலிருந்து நிறை வருவதுதானே முறை, அதைப் போய் விடுவதா என்று இங்கே ஆட்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேச்சில் நிறுப்பது அப்படியே இருக்கட்டும், யாரும் அதில் கை வைக்கவில்லை. ஆனால் எடு என்பதிலிருந்து வரும் எடையும் சும்மா வந்த சொல் அல்ல, ஒன்றைத் தூக்கி எடுக்கும்போது கை உணர்கிற விசைதானே அது! சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒன்று என்பதால் 60 கிலோகிராம் திணிவுள்ள ஆளுக்கு அங்கே எடை கிட்டத்தட்ட 100 நியூற்றன், இங்கே 600. திணிவு இரண்டு இடத்திலும் அதே 60. இந்த வசனத்தை இரண்டு கரைப் பிள்ளையும் குழம்பாமல் வாசிக்கும். திணிவு என்றால் அடர்த்தி போலத் தொனிக்கிறது என்று அந்தப் பக்கத்தார் சொல்லலாம். அடர்த்தி என்ற சொல் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருப்பதால் அந்தக் குழப்பம் நிற்காது. திணிவெண், திணிவு மையம் என்று அடுத்த சொற்களும் சிக்கலில்லாமல் கிளைக்கின்றன.

வேகத்துக்கும் இதே நோய்தான். அங்கே வேகத்துக்குத் திசை கிடையாது, திசையோடு சொன்னால் திசைவேகம். இங்கே திசையில்லாதது கதி, திசையோடு சொல்வதுதான் வேகம். கதி, திசைவேகம் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு தனி வேகத்தை விட்டுவிடலாம். சுற்றுவட்டத்தை மணிக்கு 20 கிலோமீற்றரில் சுற்றுகிற மோட்டார் சைக்கிளுக்குக் கதி மாறவில்லை, திசைவேகம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. சொல்லிலேயே திசை இருப்பதால் ஏன் மாறுகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆர்முடுகலா முடுக்கமா, சக்தியா ஆற்றலா, அமுக்கமா அழுத்தமா என்று இதே சூட்டோடு எல்லாவற்றையும் இழுக்க வேண்டாம். முதல் இரண்டும் வெறும் இரட்டைப் பெயர், எதை வைத்தாலும் பிள்ளை பிழையான விடைக்குப் போகாது. அழுத்தத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், இங்கே மின் பாடத்தில் அழுத்த வித்தியாசம் என்று வருகிறது. அந்த இடத்தில் மின் என்பதைச் சேர்த்து மின்னழுத்தம் என்று எழுதினால் அதுவும் தீர்ந்தது.

கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரண்டு கரையும் ஒன்றாக இருந்து சொல் ஆக்கிய காலம் அது. அப்புறம் அவரவர் அரசும் பாடத்திட்டமும் அவரவர் வழியில் போய்விட்டன. இப்போது பிள்ளைகள் போன் வழியாக மறுபடி ஒரே வகுப்பில் வந்து இருக்கிறார்கள், நாங்கள்தான் பிந்தி நிற்கிறோம்.

பரீட்சையில் பாடப்புத்தகச் சொல்லைத்தான் எழுத வேண்டும், அதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பொதுவாக எழுதும் பாடக் குறிப்புகளில் எடை முதன்முதல் வரும் இடத்தில் "இலங்கைப் பாடநூலில் நிறை" என்றும், திணிவு வரும் இடத்தில் "தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை" என்றும் அடைப்புக்குள் ஒருமுறை போட்டால் போதும்.