பேரிங் ஏன் கழன்றது? மைக்ரோமீட்டர் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன்:
மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் மைக்ரோமீட்டர் தப்பாகக் காட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஒருமுறை அதன்மேல்தான் பழியைப் போட்டேன்.

இங்கே சர்க்கரை ஆலைகளில் அரவை இல்லாத மாதங்களில்தான் மராமத்து. ஒரு பிப்ரவரியில் ஆலை பம்ப் ஷாஃப்ட் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. 6220 என்ற எண்ணுள்ள பேரிங் (ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுழலவிடும் வளையம்) உட்காரும் இடம், விட்டம் 100 மி.மீ. டிராயிங்கில் கே6 ஃபிட், அதாவது பேரிங் கொஞ்சம் இறுக்கமாக உட்காரும் அளவு. 100.003-க்குக் குறையவும் கூடாது, 100.025-ஐத் தாண்டவும் கூடாது. ஆக எனக்குக் கிடைத்தது 22 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

வண்டி வாசலில் நிற்கிறது. கடைசி கட் முடிந்ததும் லேத்தை (கடைசல் இயந்திரத்தை) நிறுத்தித் துடைத்து அளந்தேன். அழுத்தம் ஒரே அளவாக இருக்க உதவும் ராட்செட் மூன்று தடவை சொடுக்கியது, மைக்ரோமீட்டரின் வெர்னியர் கோடுகளில் 100.012. நிம்மதியாக அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஆலையிலிருந்து ஃபோன். பேரிங் கையாலேயே ஏறுகிறது, கையோடு கழன்றும் வருகிறதாம். அதே மைக்ரோமீட்டரோடு போய் அளந்தால் 99.989!

ஜீரோ போய்விட்டது என்று எங்கள் ஃபோர்மேன் மாமாவிடம் நீட்டினேன். அவர் சரியாக 100 மி.மீ. நீளமுள்ள ஸ்டாண்டர்ட் ராடை வைத்துப் பார்த்தார். ஜீரோ அப்படியே இருந்தது. "கட் முடிஞ்சதும் ஷாஃப்ட்டைத் தொட்டுப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

தொடவில்லை. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் விரியும். 100 மி.மீ.க்கு 20 டிகிரி கூடுதல் சூடு என்றால் 23 மைக்ரான். எனக்கிருந்த மொத்த இடத்தையும் அந்தச் சூடே தின்றுவிட்டது. பட்டறை 30 டிகிரியில் கொதித்தாலும் பரவாயில்லை, எஃகு மைக்ரோமீட்டரும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து விரியும். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால்தான் ஆபத்து.

மெட்டல் ஸ்ப்ரே ஏற்றி (உருகிய உலோகத்தைத் தெளித்துப் பருமனாக்கி) மறுபடி கடைந்தோம். இரண்டு நாள் போயிற்று. இப்போது கடைசி கட்டுக்கு முன்னால் ஷாஃப்ட்டை ஆறவிடுகிறேன், யார் வாசலில் நின்றாலும் சரி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அண்ணா, பெரிய மைக்ரோமீட்டரை ஃபிரேமிலுள்ள பிளாஸ்டிக் பட்டையில்தான் பிடிக்கணும். உள்ளங்கைச் சூட்டுக்கே ஃபிரேம் விரியும்.

நான் பட்டது வேறே. ஸ்லீவில் (மைக்ரோமீட்டரின் அசையாத குழலில்) அரை மில்லிக் கோடு லேசாக எட்டிப் பார்த்தது, திம்பிளில் (அதன்மேல் சுழலும் உறையில்) 48. வாசிக்க வேண்டியது 12.48. நான் கோட்டையும் சேர்த்து 12.98 என்று வாசித்து, இன்னும் அரை மில்லி எடுத்துவிட்டேன். திம்பிள் ஜீரோவைத் தாண்டாதவரை அந்தக் கோட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இப்போதெல்லாம் முதலில் வெர்னியர் கேலிப்பரில் ஒரு பார்வை, அப்புறம்தான் மைக்ரோமீட்டர்.