கெம்புக் கல் வெறும் கண்ணாடியா? திருச்சிமோகனுக்குப் பதில்

வடசேரிப்பேத்தி:
மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு என்ன நகை வாங்கலாம் என்று சலங்கையம்மா நேற்றுக் கேட்டிருந்தார். அதற்குத் திருச்சிமோகன் எழுதிய பதில் இது: "நாகர்கோவில் செட் என்று விற்பதெல்லாம் வெள்ளித் தகட்டில் சிவப்புக் கண்ணாடியை ஒட்டியது. கெம்பு என்றாலே கண்ணாடிதான். இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு இமிடேஷன் செட் கிடைக்கும்போது இதில் போய்ப் பணத்தைக் கொட்டுவது ஏமாளித்தனம்."

படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "ஒட்டியது" என்று எழுத எப்படிக் கை வந்தது? என் தாத்தாவும் அவருடைய அப்பாவும் நாகர்கோவில் வடசேரியில் இந்த வேலை செய்தவர்கள். வெள்ளித் தகட்டை வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாகக் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கல்லை உட்கார வைத்து, சுற்றிலும் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, அழுத்தி மெருகேற்றுவார்கள். பசை என்ற பொருளுக்கே அங்கே வேலை கிடையாது. பின்னலில் அணியும் ஒரு ஜடைநாகம் முடிய எத்தனை பேர் கை பட வேண்டும் என்று தெரியுமா? தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல வந்துவிடுகிறார்கள்.

திருச்சிமோகன்:
வேலைப்பாடு பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, மேடம். கல் கண்ணாடியா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

வடசேரிப்பேத்தி:
"ஒட்டியது" என்று சொன்னீர்களா இல்லையா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

திருச்சிமோகன்:
சரி, பதித்தது என்றே வைத்துக்கொள்வோம். பதித்த கல் கண்ணாடியா இல்லையா?

கல்பார்வை:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கெம்பு என்று கடையில் கொடுப்பது ஒரே பொருள் இல்லை. பழைய கோயில் நகைகளில் இயற்கை மாணிக்கம் இருக்கும். வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-ல் அறிவித்த முறையில் உலையில் வளர்த்த செயற்கை மாணிக்கம் இன்னொன்று. சாயம் சேர்த்த கண்ணாடி மூன்றாவது. முதல் இரண்டும் குருந்தம் என்ற கனிமம்தான், மோஸ் அளவுகோலில் கடினம் 9. கண்ணாடி ஐந்தரைப் பக்கம்தான் நிற்கும். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண் மாணிக்கத்துக்கு 1.76, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5 சுமார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் இந்தச் சண்டையே வராது.

திருச்சிமோகன்:
பார்த்தீர்களா? கல்பார்வை அண்ணனே கண்ணாடி என்று சொல்லிவிட்டார்.

வடசேரிப்பேத்தி:
அண்ணன் மாணிக்கம் என்றுதான் முதலில் எழுதியிருக்கிறார். மேலே போய்ப் படியுங்கள். உங்களுக்குப் பிடித்த வரி மட்டும்தான் கண்ணில் படுமா?

கல்பார்வை:
நான் இரண்டையும் சொல்லவில்லை. எந்த நகை, எப்போது செய்தது என்று தெரியாமல் யாரும் சொல்ல முடியாது என்கிறேன்.

சலங்கையம்மா:
கேள்வி கேட்டது நான்தான். மகளுக்கு மார்கழிக்குள் அரங்கேற்றம் வைக்கலாம் என்று குருவம்மா சொல்லியிருக்கிறார். தலைசாமான், சூரியன் சந்திரன், ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, மாங்காய் மாலை, கையில் போடும் வங்கி, ஒட்டியாணம் எல்லாம் வேண்டும். மொத்தமும் அசல் வாங்க எங்களால் முடியாது. எதை அசலாக வாங்கலாம், எதை இமிடேஷனில் விடலாம்?

வடசேரிப்பேத்தி:
சொல்கிறேன் அக்கா. அதற்கு முன்னால் இவருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

மோகன் சார், கோயிலில் அம்பாள் கழுத்தில் கிடக்கும் அட்டிகையைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்பீர்களா? இந்த நகை முதலில் சாமிக்குச் செய்தது. அப்புறம்தான் ஆடுகிறவர்களுக்கு வந்தது. 1935-ல் ருக்மிணி தேவி அடையாறில் மேடை ஏறினார், அடுத்த வருஷம் கலாக்ஷேத்திரம் பிறந்தது. ஆட்டத்துக்கான உடையையும் நகையையும் கோயில் சிற்பத்தைப் பார்த்துச் சீர்படுத்தினார்கள். அந்த மரபில் வரும் ஒரு பொருளைக் கண்ணாடித் துண்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். வெறும் கண்ணாடிக்கு யார் கொடுப்பார்கள்?

திருச்சிமோகன்:
புவிசார் குறியீடு எந்த ஊரில், எந்த முறையில் செய்தது என்பதற்குத்தான். கல் மாணிக்கமா என்று பரிசோதித்துக் கொடுக்கிற சான்றிதழ் இல்லை அது. தஞ்சாவூர் ஓவியத்துக்கும்தான் குறியீடு இருக்கிறது. அதில் பதிப்பது என்ன கல்? அதுவும் கண்ணாடிதானே?

தஞ்சைக்காரன்77:
இதோ வந்துவிட்டார். சார், போன மாதம் தஞ்சாவூர் ஓவியம் பற்றியும் இதையேதான் எழுதினீர்கள். "கண்ணாடிக் கல்லும் ரேக்கும் ஒட்டிய பலகை" என்று. நான் மறக்கவில்லை. பலகையில் துணி ஒட்டி, பொடியும் பசையும் குழைத்து மேடு கட்டி, தங்க ரேக்கு பதித்து, அதன் மேல் வர்ணம் தீட்டுகிற வேலையை ஒரே வரியில் தூக்கிப் போட்டீர்கள். இன்றைக்கு நாகர்கோவில். நாளைக்குக் காஞ்சிபுரம் பட்டா?

திருச்சிமோகன்:
காஞ்சிபுரம் பட்டிலும்தான் ஏமாற்று நடக்கிறது. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி அதன் மேல் தங்கம் பூச வேண்டும். எத்தனை கடையில் அது இருக்கிறது? செம்பு இழையையே அசல் என்று தலையில் கட்டுகிறார்கள்.

தஞ்சைக்காரன்77:
ஜரிகையைப் பரிசோதித்துத் தருகிற இயந்திரமே வந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் அரசாங்கமே ஜரிகை ஆலை நடத்துகிறது. உங்களைக் கேட்டுத்தான் புடவை வாங்க வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

வடசேரிப்பேத்தி:
பட்டைப் பற்றி வேறு இடத்தில் பேசுங்கள். இங்கே கெம்புதான் பேச்சு.

அரிக்கமேட்டுமணி:
எனக்கு ஒன்று புரியவில்லை. கண்ணாடி என்றால் ஏன் எல்லோரும் இப்படிக் கூசுகிறீர்கள்? புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டினார். அங்கே கண்ணாடி மணி செய்த தடயங்கள் வந்தன. உருக்கிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, விளிம்பை மழுக்கிச் செய்த சின்னச் சின்ன மணிகள். செம்பு சேர்த்துச் சிவப்பாக்கியிருக்கிறார்கள். அந்த வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுக்கக் கிடைக்கின்றன. நம் ஊர்க்காரன் கண்ணாடியைக் கடல் தாண்டி விற்றவன். எகிப்தில் துட்டன்காமுன் முகமூடியில், தங்கத்தின் நடுவே வர்ணக் கண்ணாடியும் பதித்திருக்கிறார்கள். அரசன் முகத்துக்கே ஆகும் என்றால் அரங்கேற்றத்துக்கு ஆகாதா? கண்ணாடி என்று நிமிர்ந்து சொல்லுங்கள், மேடம். அதில் அவமானம் எதுவும் இல்லை.

வடசேரிப்பேத்தி:
உங்கள் மணி உங்களுக்குப் பெருமை. நன்றி. எங்கள் தாத்தா பதித்தது கண்ணாடி இல்லை.

திருச்சிமோகன்:
தாத்தா பதித்ததை விடுங்கள். இன்றைக்குக் கடையில் விற்பது?

வடசேரிப்பேத்தி:
தாத்தாவை ஏன் விட வேண்டும்? அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் இன்றைக்கும் வடசேரியில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். கூலி கட்டாமல் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் எழுதுகிற மாதிரி நாலு பேர் எழுதினால் மிச்சம் இருப்பவர்களும் போய்விடுவார்கள். அச்சில் வார்த்து, பசை போட்டுக் கல் ஒட்டி, மூட்டை மூட்டையாக வருகிற செட்டும் அவர்கள் கையால் கட்டுவதும் ஒன்று என்று எழுதினால், வாங்குகிறவர்கள் எதை வாங்குவார்கள்?

திருச்சிமோகன்:
உணர்ச்சியைத் தொட்டுப் பேசினால் கல் மாறிவிடாது. விற்கப் போனால் என்ன கிடைக்கும், சொல்லுங்கள். வெள்ளி எடைக்குத்தான் காசு. கடைக்காரன் அரக்கைக் கழிப்பான், கல்லைக் கழிப்பான். என் தங்கை ஒரு பெரிய கடையில் கல் வைத்த தங்க அட்டிகை வாங்கினாள். கல்லையும் அரக்கையும் தங்கத்தோடு சேர்த்து எடை போட்டு விற்றிருக்கிறார்கள். மாற்றப் போனபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து கல் என்றாலே எனக்கு நம்பிக்கை இல்லை.

பில்பார்:
அது கல்லின் தப்பு இல்லை சார், பில்லைப் பார்க்காத தப்பு. ஹால்மார்க் நகைக்குப் பில்லில் தங்கத்தின் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும். 2021 ஜூனில் தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயமாக வந்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஆறு இலக்க எச்யூஐடி என்ற அடையாள எண் இல்லாமல் விற்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும். வெள்ளிக்கு அந்த மாதிரிக் கட்டாயம் வரவில்லை, அதனால் நாகர்கோவில் செட் வாங்கும்போது வெள்ளி எடை, அரக்கு, கல், ரேக்கு எல்லாவற்றையும் பிரித்து எழுதச் சொல்லி வாங்க வேண்டும்.

திருச்சிமோகன்:
என் தங்கை தப்பு செய்தாள் என்கிறீர்களா?

பில்பார்:
பில்லைப் பார்த்திருக்கலாம் என்றேன்.

திருச்சிமோகன்:
ஏமாற்றினவனை விட்டுவிட்டு ஏமாந்தவளைக் கேள்வி கேட்கிறீர்கள். நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

கல்பார்வை:
நான் மறுபடியும் விஷயத்துக்கு வருகிறேன். பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் உருண்டையான காற்றுக் குமிழ்கள் தெரியலாம், பட்டை தீட்டிய முகப்பின் விளிம்பு சீக்கிரம் மழுங்கியிருக்கும். உலையில் வளர்த்த மாணிக்கத்திலும் குமிழ் வரும், கூடவே வளைந்த கோடுகள் இருக்கும். ஆனால் கெம்பு நகையில் பின்பக்கம் அடைத்துக் கட்டியிருப்பதால் வெளிச்சம் ஊடுருவாது. கண்ணால் பார்த்து முடிவு சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். பிரிட்டிஷ் மணிமுடியில் 'கருப்பு இளவரசர் மாணிக்கம்' என்று ஒரு பெரிய சிவப்புக் கல் இருக்கிறது. அது மாணிக்கமே இல்லை, ஸ்பினல் என்ற வேறு கல். அரசர்களே அதை மாணிக்கம் என்று வைத்திருந்தார்கள்.

வடசேரிப்பேத்தி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கண்ணால் பார்த்துக் கண்ணாடி என்று சொல்ல இவருக்கு என்ன தகுதி?

திருச்சிமோகன்:
அதே கண்ணால் பார்த்து இல்லை என்று சொல்ல உங்களுக்கு என்ன தகுதி?

வடசேரிப்பேத்தி:
பிறந்த வீடு.

அரிக்கமேட்டுமணி:
ஸ்வரோவ்ஸ்கி என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்களே, அது என்ன? ஆஸ்திரியாவில் 1895-லிருந்து பட்டை தீட்டுகிற கண்ணாடி. அதை மட்டும் கிரிஸ்டல் என்று வாயாரச் சொல்கிறோம். நம் ஊர்க் கண்ணாடிக்கு மட்டும் இத்தனை விசாரணை. எனக்கு இதுதான் எரிச்சல்.

வடசேரிப்பேத்தி:
தம்பி, நீங்கள் எனக்குச் சாதகமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவருக்குச் சாதகமாகப் பேசுகிறீர்கள்.

அரிக்கமேட்டுமணி:
நான் யார் பக்கமும் பேசவில்லை, கண்ணாடிக்காகப் பேசுகிறேன். வளைகாப்புக்கு என்ன போடுகிறோம்? கண்ணாடி வளையல்தான். தங்க வளையல் எத்தனை இருந்தாலும் கண்ணாடி வளையல் போட்டால்தான் அது வளைகாப்பு.

தஞ்சைக்காரன்77:
அந்த வளையல்கூட உத்தரப் பிரதேசம் ஃபிரோசாபாத்திலிருந்துதான் நிறைய வருகிறது. இங்கே யார் செய்கிறார்கள்?

அரிக்கமேட்டுமணி:
எங்கே செய்தால் என்ன? நான் பொருளைப் பற்றிப் பேசுகிறேன்.

தஞ்சைக்காரன்77:
மணி என்றால் நம் ஊர்க்காரன் செய்தது என்று பெருமை. வளையல் என்றால் எங்கே செய்தால் என்ன. சரி, நடக்கட்டும்.

சலங்கையம்மா:
என் கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

வடசேரிப்பேத்தி:
மன்னிக்கணும் அக்கா. தலைசாமானையும் அட்டிகையையும் அசலாக வாங்குங்கள். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். மேடை விளக்கில் கெம்பின் சிவப்பு இமிடேஷன் மாதிரிப் பளிச்சென்று கண்ணைக் குத்தாது, உள்ளிருந்து வரும். ஒட்டியாணத்தையும் வங்கியையும் முதலில் இமிடேஷனில் வைத்துக்கொள்ளலாம். ஜடைநாகத்தை வாடகைக்கு எடுங்கள், அதற்கு எடை அதிகம். வாங்கும்போது நகையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கையால் கட்டியது என்றால் பின்தகடு சுத்தமாக மூடியிருக்கும், கல்லைச் சுற்றி ரேக்கு அழுத்தமாக இருக்கும். பசை வழிந்த தடம் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் வியர்வையைப் பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்துப் பெட்டியில் வையுங்கள். வெந்நீர் படக் கூடாது, அரக்கு இளகும். சென்ட் அடித்துவிட்டு நகை போடக் கூடாது.

சலங்கையம்மா:
ரொம்ப நன்றி. அப்படியென்றால் அட்டிகையில் இருக்கும் கல்லுக்குத் தனியாக விலை சொன்னால் கொடுக்கலாமா?

திருச்சிமோகன்:
கண்ணாடிக்கு எதற்குத் தனி விலை?

வடசேரிப்பேத்தி:
மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா? அக்கா, கல் மாணிக்கம் என்று சொல்லி விலை கேட்டால் பரிசோதனைச் சீட்டுக் கேளுங்கள். கெம்பு என்று மட்டும் சொன்னால் வேலைக்குத்தான் விலை. இதை நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

திருச்சிமோகன்:
எங்கே சொன்னீர்கள்? கண்ணாடி இல்லை, கண்ணாடி இல்லை என்றுதான் இத்தனை நேரம் சொன்னீர்கள். இப்போது வேலைக்கு விலை என்கிறீர்கள். அப்போது கல் என்ன?

வடசேரிப்பேத்தி:
கெம்பு.

திருச்சிமோகன்:
கெம்பு என்றால்?

வடசேரிப்பேத்தி:
கோயிலில் போய்ப் பாருங்கள், தெரியும். சுசீந்திரமோ கன்னியாகுமரியோ, எங்கே வேண்டுமானாலும்.

கல்பார்வை:
கோயில் நகையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றுதான் நான்...

வடசேரிப்பேத்தி:
அண்ணே, அம்பாள் கழுத்தில் லென்ஸ் வைக்கச் சொல்கிறீர்களா? உங்களிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கல்பார்வை:
நான் அப்படிச் சொல்லவில்லை. ஆவணப்படுத்தும்போது நகை மதிப்பீட்டாளர்கள் பார்ப்பதைச் சொன்னேன்.

தஞ்சைக்காரன்77:
மோகன் சார், ஓவியத்தைப் பற்றி எழுதியதை இன்னும் திரும்பப் பெறவில்லை நீங்கள்.

திருச்சிமோகன்:
எதற்குத் திரும்பப் பெற வேண்டும்? அதிலும் கண்ணாடிதான். இதிலும் கண்ணாடிதான்.

வடசேரிப்பேத்தி:
எத்தனை தடவை எழுதினாலும் கண்ணாடி ஆகிவிடாது. இன்றைக்கு ராத்திரி என் மாமா பட்டறையிலிருந்து அரக்கு நிரப்புவதையும் ரேக்கு வைப்பதையும் படம் எடுத்துப் போடுகிறேன். பார்த்துவிட்டு "ஒட்டியது" என்று இன்னொரு தடவை எழுதுங்கள், அப்புறம் பேசுகிறேன்.

திருச்சிமோகன்:
படம் போடுங்கள். கூடவே கல் வாங்கின பில்லையும் போடுங்கள்.