ரிஜெக்ட் பீஸ் போட்டோவோடு ஆபரேட்டர் பெயரையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா?

ஜுஜுவாடி பஸ்

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி. சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் சீவும் மெஷின்) லைனில் ஆபரேட்டராக இருந்த என்னைப் போன மாதம் லைன் லீடர் ஆக்கினார்கள். கூடவே மேனேஜர் ஒரு வேலையும் கொடுத்தார்: ரிஜெக்ஷன் வந்தால் பீஸைப் போட்டோ எடுத்து, ஓட்டியவர் பெயரோடு ஷிப்ட் குரூப்பில் போட வேண்டும். இதுவரை அவரே போட்டுக்கொண்டிருந்தார், இனி நான்.

சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பீஸில் 32 மி.மீ. போர், அதாவது துளை. டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்ற எல்லை, பூஜ்யம் முதல் பிளஸ் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை. வெட்டும் முனையான இன்சர்ட் தேயத் தேய போர் சிறுத்துக்கொண்டே வரும், ஆபரேட்டர் மெஷினில் ஆஃப்செட் (டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் எண்) கொடுத்துச் சரிசெய்வார். ஏ ஷிப்ட் முடிகிற நேரத்தில் ரீடிங் பிளஸ் 2-க்கு இறங்கியிருக்கிறது. அந்த ஷிப்ட் ஆள் 15 மைக்ரான் கொடுத்துவிட்டு, ஷீட்டில் எழுதாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். ஒடிசாக்காரர், குறிப்புப் பத்தியில் எல்லோரும் தமிழில் எழுதுவதால் அவர் அந்தப் பக்கமே போவதில்லை. பி ஷிப்ட் ஆள் வந்து ஷீட்டைப் பார்த்தார், பிளஸ் 2 என்று இருந்தது, அவரும் 15 கொடுத்தார். கூட்டிப் பாருங்கள், பிளஸ் 32. உள்ளே போகவே கூடாத நோ-கோ கேஜ் (துளை பெரிதாகிவிட்டதா என்று பார்க்கும் அளவி) வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. போர் பெரிதாகிவிட்டால் ரீவொர்க் கிடையாது, ஸ்கிராப்தான். ஒரு ட்ரே முழுக்கப் போச்சு.

குரூப்பில் வந்தது பி ஷிப்ட் ஆள் பெயர் மட்டும், சிவப்பு வட்டத்தோடு. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. மறுநாள் அவர் லீவு.

பெயர் போடச் சொல்வது சரிதானா? சரியில்லை என்றால் மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

ரிட்டயர்டு ஃபோர்மேன்

தம்பி, ஆஃப்செட் கொடுத்தால் ஒரு பீஸ் ஓட்டி, அதை அளந்து, அப்புறம்தான் அடுத்ததை ஏற்ற வேண்டும். அவன் அளக்கவில்லை. ட்ரே நிறையும் வரை அளக்கவில்லை. பெயர் போட்டதில் என்ன தப்பு? எங்கள் காலத்தில் வாட்ஸ்அப் ஏது? கெட்டுப்போன பீஸை அவன் மெஷின் மேலேயே வைத்துவிடுவோம், ஷிப்ட் முடியும் வரை அது அங்கேயே இருக்கும். போகிற வருகிறவன் எல்லாம் பார்ப்பான். அடுத்த முறை தானாக அளப்பான்.

இன்னொன்று. நேற்று வரை கூட நின்றவர்களுக்கு இன்று நீ லீடர். இன்னமும் 'மச்சான்' என்று கூப்பிடுகிறார்களா? அதை முதலில் நிறுத்து. முதல் மாதம் சிரித்துப் பேசிவிட்டு மூன்றாம் மாதம் கண்டிக்கப் போனால் ஒருத்தனும் மதிக்க மாட்டான்.

சூளகிரி அக்கா

ஃபோர்மேன் சார் சொல்லும் முதல் பீஸ் விஷயம் சரி, அதில் வாதமே இல்லை. ஆனால் அந்தப் போட்டோவைப் பார்த்த மற்ற ஆபரேட்டர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? இரண்டு ஷிப்டும் ஒரே ஆஃப்செட்டைக் கொடுத்தது அந்தப் போட்டோவில் எங்கே இருக்கிறது? பெயர் இருக்கிறது, வட்டம் இருக்கிறது, காரணம் இல்லை. நாளைக்கே அதே லைனில் அதே தப்பு திரும்ப நடக்கும், வேறு பெயரோடு.

நான் பார்ப்பது எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைன். முக்கால்வாசிப் பேர் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள், ப்ளஸ் டூ முடித்து நேராக வந்தவர்கள். பெயர் போட்டுத் திட்டினால் என்ன ஆகும் தெரியுமா? போர்டு கீழே விழுந்தால் சொல்ல மாட்டார்கள். துடைத்து, பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று லைனிலேயே திரும்ப வைத்துவிடுவார்கள். அது கடைசி டெஸ்டில் மாட்டினால் பரவாயில்லை. கஸ்டமரிடம் போய் மாட்டினால் யார் பெயரைப் போடுவது?

தோத்தாபுரி

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் புரொடக்ஷன் பார்க்கிறேன். நீங்கள் பேசுவது எல்லாம் வருஷம் முழுக்க ஓடுகிற கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம். எங்களுக்கு சீசனே மே கடைசியில் தொடங்கி இரண்டு மூன்று மாதம். கேட்டில் டிராக்டர் வரிசை, ஷெட்டில் பழுத்த பெங்களூரா மாம்பழம். இன்றைக்கு அரைக்காவிட்டால் நாளைக்கு அழுகல். இதில் ஒவ்வொருத்தரையும் உட்கார வைத்து, மனசு கோணாமல், காரணம் விசாரித்து... நடக்கிற கதையா? பழம் பொறுக்கும் பெல்ட்டில் சத்தம் போட்டால்தான் கேட்கும். நிஜமாகவே கேட்காது, அவ்வளவு இரைச்சல்.

பயிற்சியாளர் தர்மபுரி

வணக்கம். இதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் சமயம், 1940-ல், அமெரிக்காவில் அனுபவமில்லாத ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஆலைகளுக்கு வந்தபோது, சூப்பர்வைசர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். அதில் ஆட்களைக் கையாளும் பகுதி நாலே படி: நடந்ததைத் திரட்டு, எடைபோட்டு முடிவெடு, செய், செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா அதைப் பிடித்துக்கொண்டது. அங்கே லைனில் கோளாறு என்றால் தொழிலாளி கயிற்றை இழுப்பார், டீம் லீடர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடம் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும்.

உங்கள் மேனேஜர் முதல் படியையே தாண்டிக் குதித்துவிட்டார். ஏ ஷிப்ட் ஆளை யாராவது கேட்டார்களா?

ராத்திரி ஷிப்ட்

சார், கயிறு இழுத்தால் டொயோட்டாவில் லீடர் ஓடி வருவார். இங்கே காண்ட்ராக்ட் ஆள் லைனை நிறுத்தினால் அடுத்த மாதம் கேட்டில் அவன் கார்டு வேலை செய்யாது. அதையும் உங்கள் வகுப்பில் சேர்த்துச் சொல்லுங்கள். பெங்களூரு ஹோட்டலில் ஏசி ஹால், ஆளுக்கொரு நோட்டு, மத்தியானம் பிரியாணி. அங்கே 'மனம் திறந்து பேசுங்கள்' என்று கைதட்டிவிட்டு வந்த எங்கள் சூப்பர்வைசர், திங்கட்கிழமை காலையில் பழைய மாதிரிதான் கத்தினார்.

பயிற்சியாளர் தர்மபுரி

அதை மறுக்கவில்லை. ஹாலில் நடக்கும் வகுப்பு தனியாக ஒன்றும் செய்யாது, லைனில் போய் யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆனால் அதற்குக் கம்பெனிகள் பணம் கொடுப்பதில்லை. ஹாலுக்குக் கொடுப்பார்கள்.

ரிட்டயர்டு ஃபோர்மேன்

அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் வந்துவிட்டது. சரி, நான் ஒன்று கேட்கிறேன். மெஷின் கதவு திறந்திருந்தாலும் ஓடுகிற மாதிரி இன்டர்லாக்கை பைபாஸ் செய்துவிட்டு ஒருத்தன் உள்ளே கையை விடுகிறான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, 'தம்பி, நடந்ததைத் திரட்டலாமா' என்று கேட்பீர்களா?

சூளகிரி அக்கா

கத்துவேன் சார். முழு லைனுக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன். ஒரு கை போவதைத் தடுக்கப் போடும் சத்தம் அது. ஆனால் உங்கள் உதாரணத்தில் கை இன்னும் உள்ளே இருக்கிறது, இவர் சொன்னதில் ட்ரே ஏற்கெனவே ஸ்கிராப் தொட்டிக்குப் போய்விட்டது. எல்லாம் முடிந்து ஆறிப்போன பிறகு குரூப்பில் பெயர் போடுவது எதைத் தடுக்கிறது?

அதோடு, பைபாஸ் செய்தவன் ஏன் செய்தான் என்று அப்புறமாவது கேட்பீர்களா, மாட்டீர்களா? பாதிக்குமேல், டார்கெட் எட்டவில்லை என்று கதவு திறந்து மூடும் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். டார்கெட் வைத்தது யார்?

'மச்சான்' விஷயமும் அப்படித்தான். பைபாஸ் போட்டிருக்கிறது என்று லீடரிடம் முதலில் வந்து சொல்கிறவன், அவனை மச்சான் என்று கூப்பிடுகிறவனாகத்தான் இருப்பான். ஷிப்ட் மீட்டிங்கில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் போதும், கேண்டீனில் எப்படிக் கூப்பிட்டால் என்ன?

தோத்தாபுரி

அக்கா, சத்தம் போடுவது வேறு, அவமானப்படுத்துவது வேறு என்கிறீர்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். எங்களிடம் கணக்கு இன்னும் நேரடி. ஆட்களைக் கூட்டி வருவது மேஸ்திரி. வருகிறவர்கள் அவர் ஊர்க்காரர்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். ஒரு பெண்ணை பெல்ட்டில் வைத்து நாலு வார்த்தை கேவலமாகப் பேசினால், மறுநாள் காலையில் அந்த ஒரு பெண் மட்டும் நிற்க மாட்டாள். மேஸ்திரியோடு அந்த செட்டே பக்கத்து ஆலைக்குப் போய்விடும், டிராக்டர் வரிசை கேட்டிலேயே நிற்கும். அதனால் நான் சொல்ல வேண்டியதை மேஸ்திரியிடம் சொல்வேன், அவர் அவர் பாணியில் சொல்லிக்கொள்வார். இதை யாரும் எனக்கு ஹாலில் சொல்லித் தரவில்லை.

ஆனால் ஹாலில் நடக்கும் பயிற்சி வீண் என்பதுதான் என் எண்ணம்.

ரிட்டயர்டு ஃபோர்மேன்

அப்படியானால் மேஸ்திரி எப்படிச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கை சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தோத்தாபுரி

ம். அது உண்மைதான்.

ஜுஜுவாடி பஸ்

எல்லோருக்கும் நன்றி. தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது என்று நானும் நினைத்தேன். அதற்கு எங்களிடம் ஒரே ஒரு ரூம், டூல் ஸ்டோர் பக்கத்தில். லைனில் அப்ரெண்டிஸ் பெண்களும் இருக்கிறார்கள், அதுதான் யோசனையாக இருக்கிறது.

சூளகிரி அக்கா

அந்த ரூம் வேண்டாம். 'தனியாகக் கூப்பிட்டுச் சொல்' என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள், சொல்கிறவர் பெரும்பாலும் ஆண், கேட்கிறவரும் ஆண். பத்தொன்பது வயதுப் பெண்ணை டூல் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டால் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது யாருக்கும் முக்கியமில்லை, கூப்பிட்டதுதான் பேச்சாகும். அந்தப் பெண்ணுக்கும் பயம். லைன் ஓரம், இன்ஸ்பெக்ஷன் மேஜைப் பக்கம் நின்று பேசுங்கள். எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. பீஸையும் கேஜையும் கையில் கொடுத்து, 'நீயே அளந்து காட்டு' என்று ஆரம்பியுங்கள், பாதி விஷயம் அதிலேயே வந்துவிடும். 'கண்ணு', 'பாப்பா' எல்லாம் வேண்டாம், பெயர் சொல்லுங்கள். ஷிப்ட் முடிந்தபின் தனி மெசேஜும் கூடாது.

மேனேஜரிடம் 'பெயர் போடுவது தப்பு' என்று போய் நிற்காதீர்கள், புது லீடர் பாடம் எடுக்கிறான் என்று நினைப்பார். ஸ்கிராப் ஷீட்டை எடுத்துப் போய், இரண்டு ஷிப்டும் 15 கொடுத்ததைக் காட்டுங்கள்.

ஜுஜுவாடி பஸ்

காட்டினேன் அக்கா. ஷீட்டில் ஆஃப்செட்டுக்குத் தனிப் பத்தி போடச் சம்மதித்துவிட்டார். பிளஸ் அல்லது மைனஸ், மைக்ரான், நேரம், அவ்வளவுதான். தமிழே வேண்டாம், ஒடிசாக்காரரும் எழுதலாம். போகிறவரும் வருகிறவரும் மெஷின் முன்னால் நின்று கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நிமிஷம் முன்னால் வந்தால்தான் முடியும், அந்த ஐந்து நிமிஷத்துக்குச் சம்பளம் யார் தருவது என்று ஒருத்தர் கேட்டுவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேனேஜரிடமும் இல்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் அவர் இறங்கவில்லை. போட்டோவோடு காரணத்தையும் எழுது, பெயரும் இருக்கட்டும் என்கிறார்.

ராத்திரி ஷிப்ட்

அந்த ஐந்து நிமிஷத்தை விடாதீர்கள் ப்ரோ. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று சட்டம் இருக்கிறது. வேலைக்காக வரச் சொல்கிற நேரமும் வேலை நேரம்தான். இதை முடிக்காமல் 'ஒத்துழைப்பு' என்று ஷிப்ட் மீட்டிங்கில் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ரிட்டயர்டு ஃபோர்மேன்

பத்தி போட்டாயிற்று. நல்லது. ஒரு மாதத்தில் பாதி நாள் காலியாகத்தான் கிடக்கும், நான் பார்க்காத ஷீட்டா? அப்போது நிரப்பாதவன் பெயரை எங்கே போடுவாய்?

சூளகிரி அக்கா

லீடர் பெயரைப் போடலாம் சார். ஷிப்ட் மாறும்போது மெஷின் மெஷினாகப் போய் ஷீட் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலைதானே?

ஜுஜுவாடி பஸ்

அக்கா, கடைசியில் என் தலையிலேயே வைத்துவிட்டீர்கள். சரி, இன்று பி ஷிப்ட் தொடங்கும்போது ஒரு சுற்று போய்ப் பார்க்கிறேன்.