ஐந்தா பன்னிரண்டா: சுங்கை சிப்புட் மோர்ஸ் தகராறு

(மலேசியாவின் பேராக்கில் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் சிலரின் வாக்குவாதம். மோர்ஸ்: எழுத்துகளைப் புள்ளி, கோடு ஓசைகளாக அனுப்பும் தந்திக் குறியீடு. கீ: அதை அடிக்கும் கருவி.)

பழைய கீ:
"நிமிடத்துக்கு 12 சொல்லுக்குக் கீழே மோர்ஸ் கற்றுக்கொடுப்பவர் மாணவரின் காதைக் கெடுக்கிறார்" என்று செம்பனை அலை நேற்று திருவாய் மலர்ந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் என் வீட்டுப் பின்கட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 5-இல் தொடங்கிக் கற்றுக்கொடுப்பவன் நான். அந்தக் கல் யார் வீட்டுக் கூரைக்கு எறியப்பட்டது என்று தெரியாதா? தம்பி, கப்பலில் ரேடியோ அதிகாரியாக, கப்பல்களின் மோர்ஸ் அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் காதைத் தீட்டியவன் நான். நானும் 5-இல்தான் தொடங்கினேன். என் காது கெட்டா போயிற்று?

செம்பனை அலை:
ஐயா, நான் யார் பெயரையும் சொல்லவில்லை. கணக்கைத்தான் சொன்னேன். 'சி' எழுத்து கோடு, புள்ளி, கோடு, புள்ளி. இடைவெளிகளோடு 11 புள்ளி நீளம். 5 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 0.24 வினாடி. எழுத்து முடிய இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் பிள்ளை விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடும். 20-இல் அதே எழுத்து 0.66 வினாடி. எண்ண நேரமே இல்லை, ஓசையாகப் பிடித்தாக வேண்டும். உளவியலாளர் லுட்விக் கோக் 1930-களில் ஜெர்மனியில் செய்து காட்டியது இதைத்தான். இரண்டு எழுத்தை முழு வேகத்தில் கேட்கவைத்து, அவை பிடிபட்ட பிறகு மூன்றாவதைச் சேர்த்தார். 12-க்குக் கீழே தொடங்கக் கூடாது.

பழைய கீ:
ஜெர்மன்காரர் சுங்கை சிப்புட்டுக்கு வந்து பாடம் நடத்தினாரா? காலையில் பெரட்டுக்கு, தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடிய வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். முதல் நாளே 20-இல் அடித்தால் மறு வாரம் வருவார்களா? 5. மீண்டும் சொல்கிறேன், 5.

புதுக்காது:
ஐயா, அண்ணன், ஒரு சந்தேகம். நீங்கள் சொல்லும் வேகம் எழுத்தின் வேகமா, மொத்த வேகமா? எழுத்தை 20-இல் அனுப்பிவிட்டு இடைவெளியை மட்டும் நீட்டினால் மொத்தம் 5-க்கு இறங்கிவிடுமே. ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்கிறார்கள். அப்படியென்றால் நீங்கள் இருவரும்...

செம்பனை அலை:
தங்கச்சி, அதைப் பிறகு பேசலாம். இப்போது கேள்வி 12.

பழைய கீ:
12 என்றால் 12, 5 என்றால் 5. இதில் எழுத்து என்ன, மொத்தம் என்ன?

பக்கத்து வீட்டுக்காரன்:
மோர்ஸ் கிடக்கட்டும். 20 மீட்டர் ஏரியல் கம்பியைக் கேட்காமல் என் ரம்புத்தான் மரத்தில் கட்டியது யார் என்று பழைய கீ அண்ணன் முதலில் சொல்லட்டும். கிளை முறிந்து கிடக்கிறது.

பழைய கீ:
7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை நீளம் அவ்வளவுதான், நான் என்ன செய்ய? கம்பி உங்கள் மரத்தைத் தொட்டதைப் பேசுகிறீர்கள். நீங்கள் மாட்டியிருக்கும் மலிவு எல்இடி விளக்கு இரவெல்லாம் என் ரிசீவரில் கரகரக்கிறதே, அதை யார் பேசுவது?

கிராணி பேரன்:
2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அமெச்சூர் உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கட்டாயமில்லை, அந்தந்த நாட்டின் விருப்பம் என்று சொல்லிவிட்டது. 2017-இல் எஃப்டி8 என்ற கணினி வழித் தொடர்பு முறை வந்த பிறகு கணினியே அனுப்பிக் கணினியே படிக்கிறது. செத்த பாம்பை ஏன் அடிக்கிறீர்கள்?

செம்பனை அலை:
கணினி பேசினால் நீங்கள் எதற்கு அங்கே? மின்விசிறிக்கா?

பழைய கீ:
இந்த ஒன்றில் மட்டும் கோலகங்சார்காரர் செம்பனை அலை சரியாகப் பேசியிருக்கிறார். கிராணி பேரனே, போன மாதம் என் மாணவி ஒருத்தி 5 வாட்டில் ஜப்பான்காரர் ஒருவரின் அழைப்புக்குப் பதில் அனுப்பினாள். தொலைவில் இடி, ஹெட்ஃபோனில் பொரிகடலை வறுபடும் சத்தம். கை நடுங்கிப் புள்ளியெல்லாம் கோடாகிவிட்டது. மெதுவாக அனுப்பச் சொல்லி கியூஆர்எஸ் என்று அடித்தாள். அந்த மனிதர் உடனே மெதுவாக்கினார். அவர் திருப்பி அனுப்பிய தன் அழைப்புக்குறியை, வானொலியில் அவளுடைய அடையாளப் பெயரை, பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டே வந்தாள். கடைசி எழுத்து வந்ததும் பென்சில் முனை ஒடிந்தது. இந்தச் சுகம் உங்கள் கணினிக்குத் தெரியுமா? அந்தப் பெண் 5-இல் தொடங்கியவள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுக்காது:
அது நான்தான். ஆனால், ஐயா, அவர் எழுத்துகளை மெதுவாக்கவில்லை. எழுத்துகள் அதே வேகத்தில்தான் வந்தன. இடைவெளியைத்தான் நீட்டினார்.

செம்பனை அலை:
கேட்டீர்களா! உங்கள் மாணவியே சாட்சி. எழுத்து வேகமாகத்தான் வந்திருக்கிறது.

பழைய கீ:
மொத்தத்தில் மெதுவாக்கினாரா இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. 5.

புதுக்காது:
நான் முதலில் கேட்டதும் இதைத்தானே?

பக்கத்து வீட்டுக்காரன்:
என் மரத்துக்குப் பதில் வரவில்லை.

பழைய கீ:
விளக்கை மாற்றுங்கள், கம்பியை மாற்றுகிறேன். செம்பனை அலைக்கு ஒரு வார்த்தை: சொந்தமாக ஒரு பிள்ளைக்காவது கற்றுக்கொடுத்துவிட்டு வந்து 12, 20 என்று பேசுங்கள். சனிக்கிழமை வகுப்பு உண்டு, 5-இல்தான்.

செம்பனை அலை:
கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு கீ வேண்டாமா? இரண்டு தீபாவளிக்கு முன் ஒரு வாரத்துக்கு என்று சொல்லி என் பித்தளைக் கீயை வாங்கிப் போனவர் யார், ஐயா?

பழைய கீ:
அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செம்பனை அலை:
5 சொல் வேகத்திலா?