உதவித்தொகைத் தளம் குக்கீக்கு அனுமதி கேட்கிறது. மறுத்தால் உள்ளேயே விடமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

தென்றல்:

என் தாயாருக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டு ஒரு பொதுச் சேவைத் தளத்தில் விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். தளத்தின் பெயர் வேண்டாம். நான் பார்த்த வரையில் இந்த ரகத் தளங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாகத்தான் இருக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் திரையின் அடியில் ஒரு பட்டை. ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பச்சை நிறத்தில், பெரிதாக. ‘விருப்பங்களை மாற்று’ என்பது கண்ணாடி போட்டுத் தேடினால்தான் கிடைக்கும். எதற்கு வம்பு என்று உலாவியின் அமைப்பிலேயே குக்கீ எல்லாவற்றையும் தடுத்துவிட்டேன். அதன் பிறகு ஓடிபியைச் சரியாகக் கொடுத்தாலும் திரும்பத் திரும்ப உள்நுழைவுப் பக்கத்திலேயே கொண்டுவந்து விடுகிறது.

அப்படி என்னதான் எடுக்கிறார்கள் என்று தனியுரிமைக் கொள்கையைத் திறந்தேன். முதல் பத்தியில், உங்களைப் பற்றிய தனிப்பட்ட விவரம் எதுவும் தானாகப் பதிவாவதில்லை என்கிறார்கள். அடுத்த பத்தியில் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பைக் குறிக்கும் எண்), உலாவியின் வகை, இயங்குதளம், வந்த நாள், நேரம், பார்த்த பக்கங்கள் எல்லாம் பதிவாகும் என்கிறார்கள். இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள்தானா?

தாயாரின் மருத்துவச் சான்றிதழ், வருமான விவரம் எல்லாம் அந்தக் குக்கீக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமா? பிறகு குக்கீயை அழித்தால் அவையும் அழிந்துவிடுமா? தம்பி ‘தினமும் அழி’ என்கிறான். அவனுக்கும் காரணம் தெரியாது.

ஒரு சிறு விஷயம், இதோடு தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. படிவத்தின் இரண்டாம் பக்கத்துக்குப் போனதும் மேலே முகவரிப் பட்டையில் தாயாரின் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் அப்படியே தெரிகின்றன.

கரைவழி:

இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. உலாவியில் தனிப்பட்ட சாளரத்தை (‘இன்காக்னிட்டோ’ என்பார்களே, அது) திறந்து, எல்லாவற்றையும் ஏற்று, வேலையை முடித்து, மூடிவிடுங்கள். குக்கீ தானாகப் போய்விடும். நான் எல்லா இடத்திலும் இப்படித்தான்.

பழைய சர்வர் அறை:

கரைவழி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிதான் தென்றலின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு பொது அலுவலகத்தின் சர்வர்களைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். குக்கீயைக் கண்டு இவ்வளவு பயப்படுகிற மக்கள், தாங்களே தட்டச்சு செய்து அனுப்புகிற படிவத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லையே என்று அங்கே உட்கார்ந்து பலமுறை வியந்திருக்கிறேன்.

முதலில் அந்த உள்நுழைவுச் சிக்கல். நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போது, வந்திருப்பது அதே ஆள்தான் என்று சர்வருக்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள். அதனால் ஓடிபி சரியானதும் உங்கள் உலாவியிடம் ஒரு டோக்கனைக் கொடுத்து அனுப்புகிறது. உலாவி அதை எழுதிவைத்துக்கொள்ளும் சின்னக் குறிப்புதான் குக்கீ. அடுத்த பக்கம் கேட்கும்போது உலாவி அதைக் காட்டவேண்டும். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் லூ மோன்டுல்லி குக்கீயை உருவாக்கியதே, ஆளை நினைவில் வைக்க முடியாத இந்தக் குறையைச் சமாளிக்கத்தான். நீங்கள் எல்லாவற்றையும் தடுத்துவிட்டதால் டோக்கனும் தங்கவில்லை. உங்களை யாரென்று அதற்குத் தெரியவில்லை, வாசலுக்கு அனுப்பிவிடுகிறது.

அந்த டோக்கனில் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். கணினியில் எஃப்12 விசையை அழுத்துங்கள். குரோமில் ‘அப்ளிகேஷன்’, ஃபயர்ஃபாக்ஸில் ‘ஸ்டோரேஜ்’ என்று ஒரு பகுதி இருக்கும், அதற்குள் குக்கீகளின் பட்டியல். ஜாவாவில் கட்டிய தளமானால் ‘ஜேசெஷன்ஐடி’ என்ற பெயரில் ஒன்று நிற்கும். மதிப்பு என்ற இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளச் சரம். ஒழுங்காகக் கட்டிய தளத்தில் அது வெறும் குருட்டு எண். தாயாரின் பெயரும் இருக்காது, சான்றிதழும் இருக்காது. அவை அலுவலகத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. உங்கள் கணினியில் குக்கீயை அழித்தால் டோக்கன் மட்டும்தான் போகும். அங்கே சேர்ந்த விண்ணப்பத்திலிருந்து ஓர் எழுத்தும் குறையாது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

அதே பட்டியலில் காலாவதி என்று ஒரு நெடுவரிசை உண்டு. ‘செஷன்’ என்று இருந்தால் தற்காலிகமானது. கீழ்க்கோட்டில் தொடங்கி ‘ஜிஏ’ என்ற பெயரோடு ஒன்று இருந்து, ஓர் ஆண்டுக்கும் மேல் தள்ளி ஒரு தேதி போட்டிருந்தால், அது வருகைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் சேவை வைக்கும் குக்கீ. உங்கள் விண்ணப்பம் நகர அது தேவையே இல்லை. ‘விருப்பங்களை மாற்று’ என்ற பொடி எழுத்துக்குள் போய்த் தேவையானவை தவிர மற்றதை நிறுத்துங்கள். அப்படி வழியில்லை என்றால், உலாவியில் ‘மூன்றாம் தரப்புக் குக்கீகளை (வேறு தளங்களின் பெயரில் வருபவை) மட்டும் தடு’ என்று மாற்றுங்கள். உள்நுழைவு வேலை செய்யும். ஆனால் இந்த ஜிஏ தளத்தின் பெயரிலேயே வைக்கப்படுவதால் அதற்குத் தப்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது நீங்கள் ‘சிறு விஷயம்’ என்றீர்களே, அது.

முகவரிப் பட்டையில் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் தெரிகிறது என்றால், படிவத்தைக் கட்டியவர் விவரங்களைக் கோரிக்கையின் உள்ளே வைத்து அனுப்பாமல் முகவரியிலேயே ஒட்டி அனுப்புகிறார் என்று பொருள். பாதையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி இணைப்பு பூட்டப்பட்டிருக்கலாம். ஆனாலும் அந்த முகவரி இரண்டு முனைகளிலும் தங்கிவிடும். உங்கள் பக்கம் உலாவியின் வரலாற்றில். அவர்கள் பக்கம் சர்வர் பதிவேட்டில். அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி விழும். முதலில் ஐபி முகவரி, பிறகு நாளும் நேரமும், பிறகு கேட்ட பக்கத்தின் முகவரி முழுவதும், பிறகு 200 என்ற எண் (பக்கம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்), கடைசியில் உலாவியின் பெயர். முகவரி முழுவதும் விழுவதால் உங்கள் தாயாரின் பிறந்த தேதியும் அந்த வரிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

தரவுத்தளத்துக்குப் பூட்டு உண்டு, யார் திறந்தார்கள் என்று கணக்கு உண்டு. பதிவேட்டுக்கு? நான் இருந்த இடத்தில் தளம் மந்தமானால் ஒப்பந்தக்காரர் ‘பதிவேட்டை அனுப்புங்கள்’ என்பார். சுருக்கி மின்னஞ்சலில் போகும். காப்பு நகலில் போகும். அதில் யாருடைய பிறந்த தேதியாவது இருக்குமா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அது ‘தொழில்நுட்பக் கோப்பு’ அல்லவா!

இதற்கு மேல், பக்கத்தில் வருகைக் கணக்கெடுக்கும் வெளி ஸ்கிரிப்ட் (வேறு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்து பக்கத்துக்குள் ஓடும் நிரல்) இருந்தால் அதுவும் பக்கத்தின் முகவரியைத் தன் நிறுவனத்துக்கு அனுப்பும். 2015 ஜனவரியில் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் இதுதான் வெளியே வந்தது. வயது, வருமானம், கர்ப்பமா, புகைபிடிப்பவரா என்பதெல்லாம் முகவரியில் ஒட்டிக்கொண்டு விளம்பர, கணக்கெடுப்பு நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தை எந்தக் குக்கீயும் படிக்கவில்லை. முகவரியே எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனது.

வெளி ஸ்கிரிப்ட் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2018 பிப்ரவரியில், பக்கத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டும் ஒரு துணைக்கருவியின் ஸ்கிரிப்டில் யாரோ கைவைத்துவிட்டார்கள். அதைச் சேர்த்திருந்த ஆயிரக்கணக்கான தளங்கள், வந்தவர்களின் கணினியை வைத்துக் கிரிப்டோ நாணயம் உருவாக்கத் தொடங்கின. அந்தப் பட்டியலில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் இருந்தது. தனியுரிமையைக் காக்கவேண்டிய அலுவலகம்! பார்வையற்றோருக்கு உதவ நல்லெண்ணத்தோடு சேர்த்த கருவி அது. அடுத்தவர் சர்வரிலிருந்து வருகிற ஒரு வரி நாளை என்னவாக மாறும் என்று தளம் நடத்துகிறவருக்கும் தெரியாது.

ஆகவே தென்றல், குக்கீயைத் தேவையான அளவுக்கு அனுமதியுங்கள். முகவரிப் பட்டை விஷயத்தை எழுத்தில் புகார் செய்யுங்கள். தனியுரிமைக் கொள்கையின் அடியில் ஒரு தொடர்பு அலுவலரோ மின்னஞ்சலோ இருக்கும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் எண்களை மறைத்து அனுப்புங்கள், இல்லையென்றால் அதுவே இன்னொரு நகலாகிவிடும். ‘முகவரியில் உள்ள பதிவு எண்ணை ஒன்று கூட்டிப் பாருங்கள், அடுத்தவர் விண்ணப்பம் திறக்கிறதா தெரியும்’ என்று இங்கே யாராவது ஆலோசனை சொல்வார்கள். வேண்டாம். திறந்துவிட்டால் குற்றவாளி அவர்கள் இல்லை, நீங்கள்.

வரிக்கு வரி:

அந்த இரண்டு பத்திகள் பற்றி. எழுதியவர் ஒரே ஆளாகவே இருக்கலாம். ஐபி முகவரி தனிப்பட்ட விவரம் அல்ல என்ற பழைய நம்பிக்கையில் எழுதியிருப்பார். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 அக்டோபரில் இதைத் தொட்டது. ஜெர்மனியின் அரசுத் தளங்கள் வருகையாளர்களின் ஐபி முகவரியைச் சேமிப்பதை எதிர்த்து பேட்ரிக் பிரையர் தொடுத்த வழக்கு. மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரியானாலும், அதன் பின்னால் இருப்பவரைக் கண்டுபிடிக்கச் சட்டப்படியான வழி தளத்துக்கு இருந்தால் அது தனிப்பட்ட தரவுதான் என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பு, தளத்தைத் தாக்குதலிலிருந்து காக்கும் நியாயமான தேவைக்காக அதை வைத்திருக்கவும் இடம் கொடுத்தது. ஆக ‘பதிவு செய்கிறோம், இந்தக் காரணத்துக்காக, இத்தனை நாளுக்கு’ என்று நேர்மையாக எழுதலாம். ‘எதையும் எடுப்பதில்லை’ என்று தொடங்கவேண்டிய அவசியமே இல்லை.

‘ஏற்கிறேன்’ பொத்தான் பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்காரர் கேட்டால் வேறு கடைக்குப் போகலாம். உதவித்தொகைக்கு வேறு எங்கே போவது? 2018 மே முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் முன்னுரை இதைத்தான் சொல்கிறது. எதிரில் இருப்பது பொது அதிகார அமைப்பு என்றால், தராசு சமமில்லாத இடத்தில் வாங்கிய சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உள்நுழைவுக்கு அத்தியாவசியமான குக்கீக்கு அங்கே சம்மதமே தேவையில்லை. கணக்கெடுப்பு, விளம்பரக் குக்கீக்குத்தான் தேவை. அதற்கும் முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதமாகாது என்று 2019 அக்டோபர் 1-ஆம் தேதித் தீர்ப்பு உண்டு. எல்லா நாட்டுக்கும் இது சட்டமில்லை. ஆனால் உங்கள் புகார்க் கடிதத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள நல்ல அளவுகோல்.

தென்றல்:

இருவருக்கும் மிக்க நன்றி. எஃப்12 அழுத்திப் பார்த்தேன். ஜேசெஷன்ஐடி இருந்தது, பழைய சர்வர் அறை சொன்ன ஜிஏவும் இருந்தது. பொடி எழுத்துக்குள் போய் நிறுத்தியதும் ஜிஏ புதிதாக வரவில்லை, விண்ணப்பமும் நகர்கிறது. புகாரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றும் வசதி வீட்டில் இல்லை. நூலகத்துப் பொதுக் கணினியில் முடிக்கலாம் என்று எண்ணுகிறேன். முடிந்ததும் உலாவியை மூடினால் போதும்தானே?

பழைய சர்வர் அறை:

போதாது. ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்ற அமைப்பு உலாவியில் இருந்தால், மூடித் திறந்தாலும் செஷன் குக்கீ உயிரோடு திரும்பி வரும். அடுத்து உட்காருகிறவர் உங்கள் தாயாரின் விண்ணப்பத்துக்குள் நிற்பார். கரைவழி சொன்ன தனிப்பட்ட சாளரம் இங்கேதான் பயன்படும். முகவரியில் தெரிகிற பிறந்த தேதியும் வரலாற்றில் தங்காது. ஆனால் அங்கேயும் மூடுவதற்கு முன் ‘வெளியேறு’ பொத்தானை அழுத்துங்கள். அப்போதுதான் ஒழுங்கான சர்வர் தன் பக்கத்திலும் அந்த டோக்கனைச் செல்லாததாக்கும்.

தனிப்பட்ட சாளரம் கோப்புகளைத் தொடாது. ஸ்கேன் செய்த சான்றிதழும், தரவிறக்கிய ஒப்புகைச் சீட்டும் அந்தக் கணினியின் கோப்புறையில் அப்படியே கிடக்கும். இரண்டையும் உங்கள் பென்டிரைவுக்கு மாற்றி, கணினியிலிருந்து நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். ஸ்கேனரே கடைசி நகலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ரகமா என்று நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.